காது கிழிஞ்ச சிறுத்தை

இல்லக்கா, அது சுறுசுறுப்பு இல்ல. இப்ப நீங்க சொன்னீங்களே, மிருகக்காட்சி சாலையில அந்தச் சிறுத்தை கூண்டுக்குள்ள என்னமா நடக்குது, ஒரு நிமிஷம்கூட நிக்கல, பசங்க வீடியோ எல்லாம் எடுத்தாங்கன்னு. நானும் ஒன்பது மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அது ஒரு நோவாம். அடைச்சு வெச்ச மிருகத்துக்கு வர்ற நோவு. அந்த மூலையில இருந்து இந்த மூலைக்குப் பதினோரு எட்டு, ஒரு திரும்பு, மறுபடியும் பதினோரு எட்டு. நான் எண்ணியிருக்கேன். நோவுன்னு டாக்டர் இன்னைக்குத்தான் சொன்னார்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். முன்னாடி மூணாவது சீட்டுல, பச்சைச் சால்வை போத்திக்கிட்டு கம்பியில தலை சாச்சிருக்கார் பாருங்க, அவர்தான் எங்க வீட்டுக்காரர், சவரிமுத்து. தூங்கறாரா, சும்மா கண்ணை மூடியிருக்காரான்னு இங்கருந்து தெரியல. தூங்கினா தூங்கட்டும். அந்த மனுசன் தூங்கி நாளாச்சு.

நீங்க மலையைச் சுத்திப் பாக்க வந்தவங்க, ரெண்டு நாள்ல இறங்கிடுவீங்க, அதனால உங்ககிட்ட சொல்றேன். எங்க லைன்ல சொல்ல முடியாது. லைன்னா எஸ்டேட்டுக்காரங்க கட்டிக் கொடுத்த வரிசை வீடு, பன்னெண்டு குடும்பத்துக்கு ஒரே கூரை. இந்த வீட்டுல தும்மினா அந்த வீட்டுல கேக்கும். எம் பேரு அமலி. கொழுந்து பறிக்கிறேன். அந்தச் சிறுத்தையை உள்ள போட்டது நான்தான்.

பயப்படாதீங்க. கையால பிடிச்சுப் போடல, வாயால போட்டேன்.

எங்களுக்கு ஒரே புள்ள. ரோஸ்லின். ஆறு வயசு. போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க லைனுக்குப் பின்னாடி இருக்கிற ஓடைக்கிட்ட சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சு. நூறு பேரு டார்ச்சு எடுத்துக்கிட்டு தேயிலைக்குள்ள இறங்கித் தேடினாங்க. கிடைச்சா. எப்படிக் கிடைச்சான்னு கேக்காதீங்க, அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு வந்தவங்க கேட்டாங்க, யாரும்மா பாத்ததுன்னு. நான் பாத்தேன்னு சொன்னேன். குழாயடியில துணி அலசிக்கிட்டிருந்தேன், புள்ள பக்கத்துல விளையாடிக்கிட்டிருந்தா, செடிக்குள்ள இருந்து பாஞ்சு வந்து கவ்விடுச்சு, பின்னாடியே கத்திக்கிட்டு ஓடினேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் ஜனங்க ரோட்டை மறிச்சுட்டாங்க. சிறுத்தையைப் பிடிக்காம ஒருத்தரும் வேலைக்கு இறங்க மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. ஓடைக்கு மேல கூண்டு வெச்சு உள்ள ஒரு நாயைக் கட்டினாங்க. பன்னெண்டாம் நாள் ஒண்ணு மாட்டுச்சு. அதை அப்படியே காட்டு வழியில கொண்டுபோயிருந்தா ஒண்ணுமில்ல. எங்க ஆளுங்க விடல. லாரியை லைன் முன்னாடி நிறுத்தச் சொன்னாங்க. பெத்தவ பாக்கணும், பெத்தவ சொல்லணும், அப்புறம்தான் வண்டி நகரும்னு. எங்க பக்கம் திருட்டுப் போன மாட்டைக்கூட அப்படித்தான் பண்ணுவோம், மாட்டுக்காரனைக் கூட்டி வந்து நடுவுல நிறுத்தி, சொல்லு இதுதானான்னு கேப்போம். ரேஞ்சர் சாருக்கு அன்னைக்கு உசிர் பயம். எரநூறு பேரு கல்லும் கையுமா நிக்கிறாங்க. வாங்கம்மான்னு என்னைக் கூட்டிட்டுப் போயி தார்ப்பாயை விலக்கினார்.

அது கம்பியைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு. மூஞ்செல்லாம் ரத்தம். இடது காது நுனி கிழிஞ்சு தொங்குச்சு, பழைய காயம். கண்ணு மட்டும் என்னையே பாத்துச்சு. எரநூறு பேரும் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க அக்கா. எல்லாரும் எம் புள்ளைக்காக ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம ரோட்டுல கிடந்தவங்க. நான் என்ன சொல்லுவேன்? இதுதான்னேன். இந்தக் காதைப் பாத்தேன், இதேதான்னேன். பட்டாசு வெடிச்சாங்க. என்னைத் தூக்காத குறை.

அப்படித்தான் அது கீழ வந்துச்சு. ஆள் அடிச்ச மிருகத்தைக் காட்டுல விட முடியாது, மிருகக்காட்சி சாலையிலதான் வெச்சிருக்கணும்னு சொல்லிட்டாங்க. நானும் மாசத்துல ஒரு நாள் பஸ் ஏறிடுவேன். ஒரு பொட்டலம் தக்காளி சாதம் கட்டிக்கிட்டு, கூண்டுக்கு எதிர் பெஞ்சுல உக்காந்து காலையில இருந்து மூணு மணி வரைக்கும் அதைப் பாப்பேன். நடக்கும். நல்லா நட, காலு தேய நட, எம் புள்ளையால நடக்க முடியல இல்ல, நீ நடன்னு மனசுக்குள்ள சொல்லுவேன். பொய் சொல்லலக்கா, அன்னைக்கு ராத்திரி மட்டும் எனக்குத் தூக்கம் வரும்.

இவர் ஒரு தடவைகூட வரல. நான் யாரையும் குறை சொல்றவ இல்ல, ஆனா இவர் விசயத்தைச் சொல்லித்தான் ஆகணும். இவர் ஞாயித்துக்கிழமை மட்டும் மேல் ரோட்டுல கோழிக்கடை போட்டிருந்தார். குடலு, இறகு, தலை எல்லாம் வாளியில வரும், சாயங்காலம் லைனுக்குப் பின்னாடி ஓடையில கொட்டுவோம். ஊரே அங்கதான் கொட்டுது, நாங்க மட்டும் இல்ல. ஆனா கோழி வாடைக்குத்தான் நாயி வரும், நாய்க்குத்தான் சிறுத்தை வரும்னு ரேஞ்சர் சார் எல்லார் முன்னாடியும் சொன்னார். அன்னைக்கு இவர் தலை கவுந்தது கவுந்ததுதான். கடையை எடுத்துட்டார். கவிச்சியைத் தொடறதில்ல. என்கிட்ட பேச்சும் இல்ல. சோறு வெச்சா சாப்பிடுவார், தட்டைக் கழுவி வெப்பார், போயி வெளியில உக்காருவார்.

நானும் விடலக்கா. உன் கடை வாளிதான் எம் புள்ளையைத் தின்னுச்சுன்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்ல, அடுப்பு மூட்டும்போது ஒரு தடவை, வெளக்கு ஏத்தும்போது ஒரு தடவை. கோயில்ல பூசை முடிஞ்சு வெளியில வரும்போது நாலு பேரு காதுல விழற மாதிரியும் சொல்லியிருக்கேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். சொல்லாம இருந்தாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது.

இந்தச் சமயத்துலதான் நிரஞ்சனான்னு ஒரு பொண்ணு வந்தா. சிறுத்தையைப் பத்திப் படிக்கிற பொண்ணு. காட்டுக்குள்ள மரத்துல கேமரா கட்டி வெச்சிருக்கா, எந்த மிருகம் தாண்டினாலும் அதுவே படம் எடுத்து நேரமும் போட்டுடுமாம். எம் புள்ள போன அன்னைக்குச் சாயங்காலம் ஆறு நாப்பதுக்கு இந்தக் காது கிழிஞ்சது மலைக்கு அந்தப் பக்கம், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு கேமரா முன்னாடி நின்னுக்கிட்டிருக்கு. எம் புள்ள இங்க போனதும் அதே நேரத்துலதான். நம்ம கைரேகை மாதிரிதான் அதுக்குப் புள்ளி, மாத்த முடியாதுன்னு படத்தை நீட்டினா.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். எம் புள்ள போன நேரத்துக்கு உன் கேமரா சாட்சியான்னு வெளக்கமாத்தை எடுத்துட்டேன். போயிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் வந்தா. மறுபடியும் விரட்டினேன், அன்னைக்கு மழை வேற, அவ செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, வெறுங்காலோட போனா. மூணாந் தடவை வந்தப்ப வாசல்லயே நின்னுக்கிட்டு, அக்கா, மேல இருக்கிறவங்க சொல்றாங்க, கேமராவுல நேரம் தப்பாகூட இருக்கலாம், பெத்தவ கண்ணால பாத்தேன்னு சொல்றப்ப நாங்க எப்படி விடறதுன்னு கேக்கறாங்க, நீங்க ஒரு வார்த்தை சந்தேகம்னு சொன்னா அதைக் காட்டுல விட வழி இருக்குன்னு அழுதா. யாரு பெத்த புள்ளைக்கோ அழற மாதிரி அந்த மிருகத்துக்கு அழறா. நான் கதவைச் சாத்திட்டேன். அன்னைக்கு இவர் வெளியில உக்காந்திருந்தார். அவகிட்ட என்ன பேசினாரோ தெரியாது.

போன வாரம் கடுதாசி வந்துச்சு. மிருகக்காட்சி சாலை ஆபீஸ்ல விசாரணை, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வரணும்னு. காலையில ஒரே பஸ்ல வந்தோம், தனித்தனி சீட்டு. வழியெல்லாம் நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன், இதுதான், இந்தக் காதுதான், இதுதான்னு. இவரை முதல்ல உள்ள கூப்பிட்டாங்க. நான் கூண்டுக்கிட்ட போயி உக்காந்துட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் இப்ப. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல சத்தம் முன்னாடி போகுது.

அன்னைக்கு நான் குழாயடியில இல்ல. வீட்டுக்குள்ள படுத்திருந்தேன். கொழுந்து தள்ளி வர்ற மாசம், ஞாயித்துக்கிழமையும் வேலை வெச்சிருந்தாங்க, காலு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. வாளி வாசல்ல நாறிக்கிட்டிருந்துச்சு. எப்பவும் நான்தான் கொண்டுபோயிக் கொட்டறது. அன்னைக்கு எழுந்திரிக்க முடியல. அம்மாடி, இதை ஓடையில கவுத்துட்டு ஓடியாந்துடுன்னு அவ கையில கொடுத்தேன். அவ ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டுப் போனா. நான் கண் அசந்துட்டேன். எழுந்து பாக்கறப்ப இருட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. நான் எந்தச் சிறுத்தையையும் பாக்கலக்கா. ஒரு வாலைக்கூடப் பாக்கல. ஒரு சத்தம்கூட எனக்குக் கேக்கல.

இதை நான் பங்குச்சாமிகிட்டகூடச் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல முட்டி போட்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினேன் சாமின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பாத்தேன்னு சொன்னாத்தானே பக்கத்துல இருந்தேன்னு ஆகும். பக்கத்துல இருந்தேன்னா அனுப்பினது நான் இல்லன்னு ஆகும். ஒரு பொய்யைச் சொன்னதுக்கு அப்புறம் அதுக்கு ஒரு காது வேணும், ஒரு மூஞ்சி வேணும். லாரியில ஒண்ணு இருந்துச்சு.

உள்ள கூப்பிட்டாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆபீசர். பக்கத்துல மிருக டாக்டர், சன்னமான ஆளு, பேரு தெரியல. அந்தப் பொண்ணு நிரஞ்சனா ஒரு ஓரமா. இவர் சுவரோட ஒட்டி நிக்கறார், உக்காரச் சொன்னா உக்காரல. ஆபீசர் ஒரு தாளை எடுத்து, உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார், படிக்கிறேன் கேளுங்கன்னார்.

கடைக் கழிவை ஓடையில் கொட்டி வந்தது நான். சம்பவ தினத்தன்று குழந்தையின் கையில் வாளியைக் கொடுத்து அனுப்பியதும் நான். என் மனைவி அப்போது வெளியில் இல்லை. அவள் எந்தச் சிறுத்தையையும் பார்க்கவில்லை. அழுத நிலையில் ஊராருக்குப் பயந்து சொன்னாள். குற்றம் என்னுடையது. இவ்வளவுதான் எழுதியிருந்துச்சு.

வாளி விசயம் ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது. இவருக்கு எப்படித் தெரியும்? இவரைப் பாத்தேன். இவர் தரையைப் பாத்துக்கிட்டிருந்தார். ஆபீசர் தாளை என் பக்கம் தள்ளி, இது உண்மைன்னா கீழ ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, அது போதும்னார்.

அது போதும்க்கா. யோசிச்சுப் பாருங்க. ஒரு கையெழுத்து. மிருகம் வெளியில போயிடும், அந்தப் பொண்ணு அழுகையும் நிக்கும், என்மேல ஒரு தூசி படாது. எல்லாத்தையும் இவர் தலையில போட்டுக்கிட்டு நிக்கறார். பேனாவை எடுத்தேன். அ போட்டேன், ம போட்டேன். பேனாவைக் கீழ வெச்சுட்டேன்.

“அனுப்பினது நான் சார்”னேன். “இவர் பொய் எழுதியிருக்கார்.”

“அமலி, சும்மா இரு”ன்னார். ஒன்பது மாசத்துல எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அப்பத்தான். அப்புறம் ஆபீசரைப் பாக்கல, என்னையும் பாக்கல, சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னார்:

“நான் பாத்தேன் அமலி. மேல கடையில இருந்து பாத்தேன். பாப்பா வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போனா. என்னைப் பாத்துட்டு வாளியைக் கீழ வெச்சுட்டுக் கை காட்டினா. நானும் கை காட்டினேன். யாவாரம் இருந்துச்சு. போகாதேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும்.”

நான் இந்த மனுசனை என்னென்ன சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் தட்டைக் கழுவி வெச்சிருக்கார். அப்பவே என் கழுத்தைப் பிடிச்சு, நீதானேடி அனுப்பினதுன்னு கேட்டிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். கேக்கலயே. அதுல இன்னும் எனக்குக் கோவம்தான்.

நான் முழுசாச் சொன்னேன். படுத்திருந்தது, லாரி, காது, எல்லாம். ஆபீசர் எழுதினார். கையெழுத்தும் போட்டேன், முழுப் பேரு. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு ஒரு நெனப்பு, சரி, எம் புள்ளதான் இல்ல, அதுவாவது அது வந்த காட்டுக்குப் போகட்டும்னு. எப்ப சார் விடுவீங்கன்னு கேட்டேன்.

ஆபீசர் டாக்டரைப் பாத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம் மெதுவாச் சொன்னார், “விட முடியாதும்மா. கம்பியைக் கடிச்சுக் கடிச்சு கோரைப் பல்லு நாலும் உடைஞ்சுபோச்சு. இனிமே அது வேட்டையாடாது. வெளியில விட்டா பட்டினியில சாகும், இல்லன்னா ஊருக்குள்ள கோழி தேடி வரும்.”

கறியை வெட்டித்தான் போடறாங்களாம். நடக்கறது நோவுன்னும் அப்பத்தான் சொன்னார். நான் கேட்டேன், எப்ப சார் உடைஞ்சுதுன்னு. கேக்காம இருந்திருக்கலாம். பிடிச்சப்பவே ஒண்ணு போச்சாம், மிச்சம் நாலாம் மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சாம். அப்புறம்தான் ஒண்ணொண்ணா. நாலாம் மாசம்தான் அந்தப் பொண்ணு மழையில வெறுங்காலோட போனது. அவ அதைச் சொல்லிக் காட்டல. எனக்கே கணக்குத் தெரியும். அவ நல்ல பொண்ணுதான், ஆனா இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம், நான் வெளக்கமாத்தை எடுத்தா என்ன, நின்னிருக்கலாம். இல்ல. நான் நிக்க விட்டிருக்க மாட்டேன்.

வெளியில வந்தோம். இவர் நேரா கூண்டுக்கிட்ட போனார். அதை முதல் தடவையாப் பாக்கறார். கூட்டம். அங்க ஒரு போர்டு மாட்டியிருக்காங்க, நீங்களும் பாத்திருப்பீங்க, சிறுமியைக் கொன்ற சிறுத்தைன்னு செவப்பு எழுத்துல. அதுக்குத்தான் அந்தக் கூட்டமே. ஒரு ஆளு தன் புள்ளையைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, இதுதான்டா பாப்பாவைத் தின்னதுன்னு காட்டினான். அந்தப் புள்ள அதைப் பாத்துத் தூன்னு துப்புச்சு.

இவர் போயி அந்த ஆளு முன்னாடி நின்னுட்டார். “இது இல்லைங்க”ன்னார். “இது யாரையும் தின்னல. அது எங்க புள்ள. எங்களுக்குத் தெரியும், இது இல்ல.”

அவன் இவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, குடிச்சிருக்கான்னு நெனச்சு நகர்ந்துட்டான். அடுத்து ஒரு குடும்பம் வந்துச்சு. இவர் அவங்ககிட்டயும் அதையே சொன்னார். ஒன்பது மாசம் வாய் திறக்காத மனுசன், வர்றவங்க ஒவ்வொருத்தரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்றார். நான் தள்ளி நின்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் நானும் பக்கத்துல போயி நின்னுக்கிட்டேன். அது பாட்டுக்கு உள்ள நடந்துக்கிட்டே இருந்துச்சு.

போர்டைக் கழட்டுங்கன்னு ஆபீஸ்ல கேட்டோம். மேல இருந்து கடுதாசி வரணுமாம், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆகுமாம். அதுவரைக்கும் வர்றவங்க எல்லாம் அதைத்தான் படிப்பாங்க. யாராவது அங்க நின்னு இல்லன்னு சொல்லணும். ஞாயித்துக்கிழமை கூட்டம் அதிகம், காலையில முதல் பஸ்ஸுக்கே நாங்க ரெண்டு பேரும் இறங்கணும்.